ஆயுத பூசைக்கு வைத்த பயனெட்

பெயர்: மூக்கன் சோலைமலை. வயது: 55. தொழில்: தோட்டத் தொழிற்சாலைக் காவலாளி. விலாசம்: லிந்துலை, மேற்பிரிவு, ஐந்தாம் லயம், கடைசிக் காம்பிரா. திகதி: 2025.10.03, முற்பகல் 11.40.

மேற்சொன்ன விலாசத்தில் நான் தனியாக வசிக்கிறேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் என்றால் உடனே எழுதலாம் என்றார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் தமிழில்தான் சொல்வேன் என்று கூறி, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை மூன்று மணி நேரம் இங்குள்ள வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்றுக் காலை எங்கள் மாரியம்மன் கோயிலில் பொலிசார் எடுத்த கத்தி என்னுடையது. கைதான கோயில் தலைவர் இராமையாவுடையது அல்ல. அது இராணுவத் துவக்கின் நுனியில் மாட்டும் பயனெட். அது என்னவென்றே அவருக்குத் தெரியாது.

நான் 1990ஆம் ஆண்டு இராணுவத்தில் சேர்ந்தேன். தோட்டத்து லயக் காம்பிராவில் பிறந்த பையன் ஆமிக்குப் போவது அப்போது கேள்விப்படாத காரியம். பயிற்சியில் வைக்கோல் அடைத்த சாக்கைத் தொங்கவிட்டு, மாட்டு, பாய், குத்து, இழு என்று சிங்களத்தில் கட்டளை கொடுப்பார்கள். குத்தும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும், சத்தம் போதாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. தமிழன் என்பதால் என்னைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஆகவே மற்றவர்களை விடச் சத்தமாகவே கத்தினேன்.

1997ஆம் ஆண்டு வடக்கில் ஒரு காலை, சுடுவதற்கு ரவை தீர்ந்துபோன நிலையில் பயனெட் மாட்டச் சொல்லிக் கட்டளை வந்தது. மாட்டினேன். அதன் பிறகு பாயச் சொன்னார்கள், ஓடினேன். பதுங்குகுழிக்குள் இருந்தவன் துவக்கைத் தூக்கினான். சாக்கைக் குத்திய மாதிரியே சிங்களத்தில் கத்திக்கொண்டு குத்தினேன். அதன் பிறகு இழுக்க வேண்டும், சாக்கிலிருந்து வந்தது போல அது இலேசில் வரவில்லை. மற்றவர்கள் அடுத்த குழிக்கு ஓடிவிட்டார்கள், நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவன் என்னைப் பார்த்து, "தண்ணி" என்றான். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினான். என் இடுப்பில் போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது. நான் தமிழ் தெரியாதவன் போல நின்றேன், அவன் உயிர் முடியும்வரை அப்படியே நின்றேன். ஏன் என்று கேட்டால் பயம். யாருக்குப் பயந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு பயனெட்டைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்தேன். திருப்பிக் கொடுத்தால் கழுவி இன்னொருவன் கையில் கொடுத்துவிடுவார்கள், அதை என்னால் தாங்க முடியவில்லை. தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லிப் பதினான்கு நாள் தண்டனை அனுபவித்தேன்.

2002இல் முறைப்படி விலகித் தோட்டத்துக்கு வந்தேன். அம்மா அதற்குள் இறந்திருந்தார். லயத்தில் யாரும் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் நான் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார்கள். பயனெட்டை மாதம் ஒரு முறை எடுத்துத் தையல் மெசின் எண்ணெய் தடவி வைப்பேன். என் வீட்டில் தையல் மெசின் இல்லை.

ஆயுத பூசைக்கு எங்கள் ஆட்கள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, மருந்து அடிக்கும் டாங்கி எல்லாவற்றையும் கோயிலில் கொண்டுவந்து வைப்பார்கள். மறுநாள் காலைப் பூசை முடியும்வரை யாரும் தொடமாட்டார்கள். இருபத்து மூன்று வருடமாக என்னை யாரும் அதற்கு அழைத்ததில்லை. முந்தாநாள் இராமையா என் வாசலுக்கு வந்தார். "அண்ணே, எல்லா வீட்டு சாமானும் வந்துருச்சு. ஒங்க தொழில் சாமான் எதுனாலும் கொண்டாந்து வைங்க, ஒங்க வீடு மட்டும் விடுபட வேணாம்" என்றார்.

காவல் வேலைக்கு என்னிடம் டோர்ச்சும் விசிலும் இருந்தன, அவற்றை வைத்திருக்கலாம். யோசிக்காமல் பயனெட்டை எடுத்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஒரு நாளாவது அது சாமி முன்னால் கிடக்கட்டும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். இராமையா ஒன்றும் கேட்காமல், மற்றக் கத்திகளுக்கு வைத்தது போலவே அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது.

யாரோ அதைப் போனில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். நேற்றுக் காலை, பூசை முடிவதற்குள் பொலிசார் வந்து, இது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்கள். அங்கிருந்தவர்களில் அந்தக் கேள்வி முழுதாக விளங்கியவன் நான்தான். மறுபடியும் விளங்காதவன் போல நின்றேன். இராமையா என் பக்கம் திரும்பாமல், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அது கோயில் சாமான் என்று சொன்னார். அதன் பிறகு அவரை வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னிடம், "அண்ணே, வெளக்கப் பாத்துக்கங்க" என்றார். விளக்கை அணைய விடவில்லை. இன்று காலையும் எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் வந்தேன்.

இராமையாவை விட்டுவிட்டு என்னை வைத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். 1997இல் நடந்ததை இங்கே யாரும் என்னிடம் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடமாகவே யாரும் கேட்கவில்லை. அதையும் சேர்த்து எழுதச் சொன்னவன் நான்தான்.

இவ்வளவும் என் வாயால் வந்தவை. யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. உத்தியோகத்தர் எழுதியதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்குத் தமிழ் தெரியும். எல்லாம் விளங்கியது.

ஒப்பம்: மூ. சோலைமலை