கூட்ட நேரத்தில் வாசலை அளந்தவருக்கு

அளவுநாடாவையே ஆபரணமாய் அணிந்த அம்மையே, அடைத்த கதவுகளின் அகலத்தை அங்குலம் அங்குலமாய் அறிந்த அறிஞரே, மாணவர் வாயில் ‘டேப் மிஸ்’ என்றும் கல்லூரி முதல்வர்கள் மனத்தில் வேறு பல பெயர்களாலும் வழங்கப்பெறும் பெருந்தகையே, இருபத்தாறு ஆண்டுகள் எங்களை வெயிலில் நிற்கவைத்து வேலை வாங்கிய வழிகாட்டுப் பிரிவின் தலைவியே, வணக்கம்.

தங்களைப் புகழ்ந்து எழுதுவது எளிதன்று. புகழத் தொடங்கினாலே, “அதெல்லாம் இருக்கட்டும், எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க?” என்று கேட்பீர்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பார்வையின்றியும் செவித்திறனின்றியும், கை கால்கள் ஒத்துழைக்காமலும் பள்ளிப்படிப்பை முடித்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைத் தாங்கள் மேற்படிப்புக்கு அனுப்பினீர்கள். இருநூற்று எழுபத்தொருவர் படித்து முடித்தனர். மிச்சமுள்ள நாற்பத்தொருவரின் பெயர்கள் தங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் இருக்கின்றன. சேர்க்கைக் காலம் வந்ததும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். “இந்த வருஷமும் வந்துட்டீங்களா?” என்று சலித்துக்கொள்கிறவர்கள்கூட விண்ணப்பத்தை வாங்காமல் விட்டதில்லை.

எங்களில் சிலர் கடைவீதியில் பிறந்து, பேரச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவர்கள். அப்படிப்பட்டவர்களே தங்கள் பேரத்தைப் பார்த்துப் பாடம் கற்ற நாள்கள் பல. அவற்றுள் ஒன்றை, இந்த வழியனுப்பு அவையில் சொல்லாமல் விட்டால் எங்களுக்கு உறக்கம் வராது.

பதினோராண்டுகளுக்கு முன் ஒரு தையற்காரரின் மகள் புள்ளியியல் படிக்க விரும்பினாள். சக்கர நாற்காலியில் வருபவள். தனக்குத் தானே ‘சக்கரவர்த்தினி’ என்று பட்டம் சூட்டிக்கொண்டவள். மதிப்பெண்ணில் குறையில்லை. ஆனால் அவள் கேட்ட வகுப்பு மாடியில் இருந்தது.

“லிஃப்ட் வர மூணு வருஷம் ஆகும் மேடம். அப்போ வரச் சொல்லுங்க, பார்க்கலாம்” என்றார் முதல்வர்.

“மூணு வருஷத்துல அவ பட்டமே வாங்கிடுவா சார். லிஃப்ட் மெதுவா வரட்டும். அதுவரைக்கும் வகுப்பு கீழே வரட்டும்.”

“வகுப்பு எப்படிம்மா கீழே வரும்?”

“படி வழியாத்தான் சார். மத்த அறுபது பேருக்கும் காலு நல்லாத்தானே இருக்கு.”

வகுப்பு கீழே வந்தது.

வகுப்புகள் தொடங்குமுன் மாணவரைக் கல்லூரிக்கு ஒருமுறை அழைத்துச் சென்று, வாசல் முதல் கழிப்பறை வரை நடத்திப் பார்ப்பது நம் பிரிவின் வழக்கம். அதற்கு ‘ஒத்திகை’ என்று பெயர். அவளுக்கும் நடத்தினோம். சரிவுப்பாதையின் ஏற்றம், அறைக்கதவின் அகலம், மேசையின் உயரம், கைப்பிடியின் உறுதி எனத் தாங்கள் அளக்க அளக்க நாங்கள் எழுதினோம். எல்லாம் கச்சிதமாய்ப் பொருந்தின. ஒரு தடையும் இல்லை, ஒரு மனிதரும் இல்லை. அன்று விடுமுறை நாள். இடைஞ்சலின்றி அளக்கலாம் என்று அந்நாள்வரை நாம் விடுமுறைகளையே தேர்ந்தெடுத்து வந்தோம்.

முதல் நாள் அவள் போனபோது அந்தச் சரிவுப்பாதையில் இருசக்கர வண்டிகள் பதினெட்டு நின்றன. வளாகத்திலேயே நல்ல நிழல் விழும் இடம் அதுதான். நான்கு மாணவர்கள் ஓடி வந்து, ஒரு வார்த்தை கேளாமல், நாற்காலியோடு அவளை அலாக்காகத் தூக்கி வாசற்படி ஏற்றினார்கள். புத்தகங்கள் சிதறின; சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் அன்று மதியமே வீடு திரும்பினாள்.

“என்னை மூட்டை மாதிரி தூக்கினாங்கப்பா. நல்ல மனசோட தூக்கினாங்க, அதான் திட்டவும் முடியல. நான் இனிமே போகல.”

தந்தை வற்புறுத்தவில்லை. மறுநாளே கையால் சுற்றும் தையல் இயந்திரம் ஒன்றை அவள் உயரத்துக்கு ஜன்னலோரம் போட்டுவிட்டார். தொடர்ந்து பத்து நாள் வராதவரின் பெயரைக் கல்லூரி நீக்கிவிடும் என்பது விதி. தாங்கள் அந்த வீட்டுக்குப் போனது ஆறாம் நாள்.

உடன் வந்த நாங்கள் ஒரு நீண்ட அறிவுரையை எதிர்பார்த்தோம். தாங்களோ தரையில் அமர்ந்து, “ஆளில்லாத வாசலை அளந்துட்டு வந்தேன். தப்பு என்னுது” என்றீர்கள். பிறகு அளவுநாடாவை எடுத்து அந்தத் தையல் இயந்திரத்தின் மேல் வைத்தீர்கள். “எதை அளக்காம விட்டேன்? நீயே சொல்லு.”

“இன்னும் என்னத்தை மேடம் அளக்கறது?” என்றார் தந்தை. “எம்பொண்ணு எனக்குப் பாரமில்ல. விட்டுடுங்க.”

அவள்தான் நாடாவைக் கையில் எடுத்தாள். “கூட்டத்தை அளக்கல மிஸ். ஒன்பதரை மணிக்கு வந்து பார்த்திருக்கணும்.”

“நாளைக்கே பார்த்துடுவோம். நீ வந்தாத்தானே எனக்குக் கணக்கு வரும்?”

“வரேன். ஆனா நீங்க வாசலுக்கு வரக்கூடாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கணும்.”

“கேட்டு வரைக்கும்?”

“ஊஹூம்.”

“இந்தப் பக்க நடைபாதை?”

“எதிர்த்த பஸ் ஸ்டாப்.”

படிந்தது. எங்களுக்குத் தெரிந்து தாங்கள் தோற்ற ஒரே பேரம் அதுதான்.

மறுநாள் ஒன்பதரை மணி. சரிவுப்பாதை நிறைய வண்டிகள். என்ன நடந்தது என்பதைக் காவலாளியே பின்னர் எங்களிடம் ஒப்பித்தார். “பின்வாசல் வழியா போயிடும்மா, அங்கயும் சரிவு இருக்கு” என்று நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறார்.

“பின்வாசல்ல சாமான் போகும்ணே. நான் புள்ளியியல் முதல் வருஷம். வண்டிங்களை எடுக்கச் சொல்லுங்க, இருக்கேன்.”

அதே நான்கு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். “தூக்க வேணாம். இதெல்லாம் யாரு வண்டின்னு போய்க் கேட்டு, ஆளைக் கூட்டிட்டு வாங்க. அந்த உதவி போதும்.”

அவர்கள் வகுப்பு வகுப்பாகப் போனார்கள். நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் தாங்கள் நாடாவை இழுப்பதும் விடுவதுமாக நின்றதை, மூன்றாவது பேருந்தின் நடத்துநர் “ஏறுறீங்களா, இல்லையாம்மா?” என்று அதட்டியதை, ஒருமுறை நடைபாதையிலிருந்து ஒரு காலை இறக்கி மீண்டும் ஏற்றிக்கொண்டதை, நம் வாகன ஓட்டுநர் கண்ணாடி வழியே பார்த்திருந்தார். கடைசி வண்டியும் நகர்ந்தது. அவள் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி மேலே போனாள். அடுத்த வாரம் காவலாளி அங்கே வெள்ளைக் கோடு போட்டார். தையற்காரர் அந்த ஜன்னலோர இயந்திரத்தில் முதன்முதலாகத் தைத்தது, மகளின் நாற்காலியில் மாட்டும் புத்தகப் பை.

அன்று தொட்டு நம் பிரிவில் இரண்டே சட்டம். ஒத்திகை என்றால் கூட்ட நேரத்தில். மாணவர் உள்ளே போகும்போது நாம் சாலைக்கு அந்தப் பக்கம். மற்ற சுற்றறிக்கைகளை நாங்கள் படித்ததில்லை என்பதையும், ஓய்வு பெறும் நாளில் தங்களால் தண்டிக்க இயலாது என்ற துணிவில் ஒப்புக்கொள்கிறோம்.

பண்பிற் பெரியவரே, திங்கட்கிழமை முதல் தங்கள் பொறுப்பை ஏற்பவர் அந்தச் சக்கரவர்த்தினியே. புள்ளியியலில் பட்டமும் பிறகு வழிகாட்டல் பயிற்சியும் முடித்து, தேர்வெழுதி, எல்லோரையும் போல் வரிசையில் நின்று வென்று வருகிறார். நாற்காலியைக் கையோடு கொண்டுவருவதால், தங்கள் நாற்காலி காலியாகிறது. தட்டச்சர் இப்போதே அதன்மேல் கண் வைத்திருக்கிறார். வருபவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்த டேப்பை மட்டும் வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க.”

அவருடைய முதல் வேலை, பார்வையற்ற மாணவி ஒருத்தியைக் கூட்ட நேரத்தில் கல்லூரி வாசலுக்கு அழைத்துச் செல்வது. “திங்கட்கிழமை வண்டியில இடம் இருக்குமா?” என்று தாங்கள் ஓட்டுநரிடம் மெல்ல விசாரித்த செய்தி எங்களுக்கு எட்டியது. புதிய பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டோம். சற்றே யோசித்து, “வரட்டும். பஸ் ஸ்டாப்ல நிக்கட்டும்” என்றார்.

ஆகவே, அன்பிற்குரிய அம்மையே, தங்கள் முழங்கால்கள் முன்னைவிட வலுப்பெறுக. கண்கள் சாலையின் மறுகரை தெரியுமளவு தெளிவாயிருக்க. எதிர்ப்புறத்து நிழற்குடையின் கீழ் ஆண்டாண்டும் அமர்ந்து, உள்ளே போகும் பிள்ளைகளை எண்ணி மகிழும் நெடுவாழ்வு தங்களுக்கு வாய்க்க. பொறுக்காமல் ஒரு காலை இறக்கினாலும் குற்றமில்லை. திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
தட்டச்சர், வாகன ஓட்டுநர், சைகைமொழிப் பெயர்ப்பாளர்
மற்றும் மேற்படிப்பு வழிகாட்டுப் பிரிவின் பணியாளர்கள் அனைவரும்