காயல்பட்டினத்துக்கு ஒரு டிக்கெட்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பேருந்தில் பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். இத்தனை பேரை ஏற்றினால் பிரேக் பிடிக்குமா என்ற கவலையில் இருந்தேன். என் முன் இருக்கையில் கழுத்தில் விசிலோடு ஒரு ஹாக்கி கோச், பக்கத்தில் அவர் நண்பர். கோச் காயல்பட்டினத்துக்கும் நண்பர் திருச்செந்தூருக்கும் டிக்கெட் வாங்கினார்கள்.

“செலக்சன் லிஸ்ட்ல நம்ம டிபென்ஸ் பயலுவள்ல ஒருத்தன மூணாவதா வச்சேம்லா, அவன்தாம்ல முதல் ஆளு” என்றார் கோச்.

“பொறவு ஏம்ல மூணாவது?”

“முதல்ல வச்சா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்காரங்க கொண்டு போயிருவாங்க. அடுத்த வருசம் நம்ம டீமுக்கு யாரு நிப்பா?”

“நல்ல கோச்சுதாம்ல நீ! முதல்ல வச்சவன் எப்படி?”

“பந்து வந்தா கண்ண மூடிக்கிடுவான்.”

நண்பர் சிரித்தார். கோச் சிரிக்கவில்லை.

“அந்தப் பய நான் சொன்னத நம்பிட்டாம்ல. ‘மூணாவது ஆளுக்கு மட்டை எதுக்கு சார்’னு எங்கிட்டயே குடுத்துட்டான். நாளைக்கு துபாய்ல மாமா கடைக்குப் போறான்.”

“இன்னைக்கே நெசத்தச் சொல்லிரு.”

“அதுக்குத்தாம்ல அவன் வீட்டுக்குப் போறேன்.”

சாகுபுரம் தாண்டியது. கோச் காலடியில் கிடந்த மட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏல, சொன்னா போகாம இருப்பானா?” என்று கேட்டார் நண்பர்.

“விசா வந்தாச்சு. சொன்னா, அங்கன போயும் அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பான்.”

காயல்பட்டினத்தில் ஆறு பேர் இறங்கினார்கள்.

“இன்னும் ஒரு டிக்கெட் இறங்கணுமே!” என்று நடத்துநர் கத்தினார். யாரும் எழவில்லை.

பேருந்து நகர்ந்த பிறகு கோச் சில்லறையை நீட்டினார். “திருச்செந்தூர் ஒண்ணு.”