வலது பின்சக்கரத்துக் கல்

பெயர் பூவாயி, வயது 41, கணவர் பெயர் மாதப்பன், ஏற்காடு தாலுகா தலைச்சோலை கிராமம். நான் மேற்படி முகவரியில் குடியிருந்து எஸ்டேட்டில் கூலி வேலை செய்து வருகிறேன். என் கணவர் சொந்தமாகப் பிக்கப் வண்டி ஓட்டி வருகிறார். சேலம் போனால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும் என்பதால் வண்டியின் ரிப்பேரை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்வார். எங்கள் வாசல் சரிவானது. ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால் பின்சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்துத்தான் வண்டியை நிறுத்துவோம். அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கல்லை எடுப்பது ஆறு வருடமாக என் வேலை.

27.03.2016 ஞாயிற்றுக்கிழமை காலை, ஆயில் சட்டியில் கசிவு இருந்ததால் என் கணவர் அதைக் கழற்றி, புதுப் பேக்கிங் வைத்து மாட்டினார். அதன் பிறகு ஆயில் ஊற்றி, கசிவு நின்றதா என்று பார்க்க நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, பக்கவாட்டில் வண்டிக்கு அடியில் படுத்தார். அவருடைய கால்கள் முன்சக்கரத்துக்குப் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இடது பின்சக்கரத்துக்கு அரைச் செங்கல்லும் வலது பின்சக்கரத்துக்குக் கருங்கல்லும் வைத்திருந்தார்.

பகல் சுமார் 12 மணிக்குத் திடீரென்று மழை பிடித்தது. வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்த் தார்ப்பாயை விரித்தேன். காற்று அதைத் தூக்கியது. எஞ்சின் ஓடுகிற சத்தம் காதில் இருந்தது, கை தானாக அந்தக் கருங்கல்லுக்குப் போய்விட்டது. இறுகியிருந்ததால் குதிகாலால் உதைத்து எடுத்து, தார்ப்பாய் மேல் வைத்தேன். புத்தி எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை.

அதன் பிறகு செங்கல் நொறுங்கி வண்டி பின்னால் நகர்ந்தது. பக்கத்து வீட்டு வேடியப்பன் வேலியைத் தாண்டிக் குதித்து, கையில் இருந்த விறகுக் கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். கட்டை வழுக்கவே, இடது காலால் அதை மிதித்துப் பிடித்தார். வண்டி நின்றது. முன்சக்கரம் என் கணவரின் முழங்காலுக்குக் கீழே ஏறியிருந்தது. இன்னும் ஒரு முழம் உருண்டிருந்தால் நான் இன்று தாலியோடு இங்கே நின்றிருக்கமாட்டேன்.

என் சத்தம் கேட்டு வந்த என் கணவரின் அண்ணன் மாரிசாமி, வண்டியில் ஏறி முன்னால் எடுத்தார். என் கணவருக்குக் கால் எலும்பு முறிந்தது. வேடியப்பனுக்கு இடது காலில் இரண்டு விரல்கள் போயின. வேலித் தகராறில் எட்டு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அந்தச் சண்டையில் வாய் நீண்டது எனக்குத்தான். சக்கரத்தருகே கல் இல்லாததையும் அங்கே வேடியப்பன் கிடந்ததையும் கண்ட மாரிசாமி, அவர்தான் கல்லை உருவிவிட்டார் என்று புகார் கொடுத்துவிட்டார். நான் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் வேடியப்பனைப் பார்த்தேன். "ஏனுங்ண்ணா, நான் கல்லெடுத்தத நீங்க பாத்தீங்கல்ல? போலீஸ்கிட்டச் சொல்ல வேண்டியதுதானுங்க?" என்று கேட்டேன்.

"வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கத்துனனே அம்மணி, உனக்குக் கேக்கல. மாதப்பன் நொம்ப வலியில கெடக்கறான். இப்பப் போயி நீதான்னு சொன்னா மனசு ஒடஞ்சு போயிருவான். அவன் எந்திரிச்சு நடக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

நான் திட்டிய திட்டுக்கு வேறொருவர் என்றால் வேடிக்கை பார்த்திருப்பார். அவருக்கு நான் எந்த ஜென்மத்தில் கடன் தீர்ப்பேன் என்று தெரியவில்லை. இன்று காலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "மொதல்ல ஸ்டேசனுக்குப் போ புள்ள. வர்றப்ப வேடியண்ணன் ஊட்டுல சோறாக்க ஆளிருக்குதான்னு பாத்துட்டு வா" என்றார்.

வேடியப்பன் பேரில் எந்தக் குற்றமும் இல்லை. எழுதுவதென்றால் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். போலீசார் அன்று எடுத்துப்போன கல் வேலியோரம் கிடந்த வேறு கல். உண்மையான கல், என் கணவரின் ஆயில் கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போனது, இன்று காலை வரை என் தார்ப்பாய் மேலேயே இருந்தது. அதைப் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் எழுதியிருக்கிறது, சொன்னது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) மா. பூவாயி
02.04.2016