முதல் பாலுக்குக் காவல் நின்றவருக்கு

பிறந்த கன்று குரலெடுக்குமுன்னே அதன் பசியைக் கேட்டறிந்த செவியே! கால்நடைப் பண்ணையின் கன்றுக்கூடத்தைக் கண்ணெனக் காத்த கருணையே! பணி நிறைந்து இன்று விடைபெறும் எங்கள் மருத்துவர் அம்மா! வணக்கம்.

தங்களை நினைக்கும்போதெல்லாம் எங்களுள் விடியற்பொழுதே எழுகிறது. பனி படர்ந்த கூரையின்கீழ்க் கன்றுகளின் மூச்சு வெண்புகையாய் மிதக்க, வைக்கோல் வாசமும் வெதுவெதுப்பான பாலின் வாசமும் ஒன்றில் ஒன்று கரைய, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்தபடி தாங்கள் நடந்துவருவீர்கள். விழித்திருக்கிறோமா, கனவு காண்கிறோமா என்பது எங்களுக்கே விளங்காது.

பெருமழையில் பாதை துண்டான அந்த நாளை மறக்க இயலுமா! தூரத்துக் கொட்டிலில் ஈன்ற பசு இறந்துபோக, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிட்டன. முதல் பாலான சீம்பாலின் காப்புச்சத்தை உள்ளே விடுவதற்காகக் கன்றுக்குப் பிறவியில் திறந்திருக்கும் குடலின் வாசல், அதற்குள் சாத்திக்கொண்டது. காய்ச்சலில் சுருண்டு கிடந்த அந்தக் கன்றுக்குச் 'சுண்டெலி' என்று பெயரிட்டோம்.

"இது தேறாது டாக்டர், கணக்குலேருந்து எடுத்துடலாம்" என்றார் மேலாளர்.

"கணக்குலேருந்து எடுங்க சார். கூடத்துலேருந்து எடுக்காதீங்க" என்றீர்கள்.

அதன் தலையை மடியில் சாய்த்து, மருந்தும் பாலுமாய் ஊட்டினீர்கள். சுண்டெலி எழுந்து நின்றாள்! நாங்கள் ஆர்ப்பரித்தோம், தாங்களோ சிரிக்கவில்லை. மாதங்கள் செல்ல, கூட வளர்ந்த கன்றுகளின் தோள்வரைகூட அவள் எட்டவில்லை. "உயிரைக் காப்பாத்திட்டோம். உயரத்தைக் காப்பாத்த முடியல" என்றீர்கள். அந்த ஒற்றைச் சொல்லை வைத்தே மேலாளரோடு மல்லுக்கட்டி, ஈற்றுக் கொட்டிலில் எப்போதும் ஓர் ஆளையும், உறைபெட்டியில் எப்போதும் சீம்பாலையும் இருக்கச் செய்தீர்கள். அதன்பின் எந்தக் கன்றும் முதல் பாலை இழக்கவில்லை.

மனிதர்க்கும் அதே அக்கறைதான். சுண்டெலி பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு எங்களுள் கருவுற்றிருந்த ஒருத்தி, வேலை மும்முரத்தில் மதிய உணவைத் தட்டிக்கழிப்பாள். "எனக்குப் பசிக்கல டாக்டர்" என்றவளைத் தங்கள் மேசையில் எதிரே உட்காரவைத்து, "உன்னை யாரும்மா கேட்டா? உள்ள இருக்கறவங்க எலும்பு கட்டிக்கிட்டு இருக்காங்க. நீதான் அவங்களுக்குச் சரக்கு அனுப்பணும். சாப்பிடு" என்றீர்கள். குழந்தை பிறக்கும்வரை ஒரு நாளும் விடவில்லை. இம்மடலை வாசிப்பவள் அவளே. என் மகள் இப்போது என்னைவிட உயரம், அம்மா!

வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட சுண்டெலியும் சினையானாள். தாயாகப் போகிறவளுக்குத் தருவதே பிறக்கப்போவதற்கும் சேரும் என்று, அவள் தீவனத்தைத் தாங்களே அளந்தீர்கள். சென்ற வாரம் அந்தக் குட்டைப் பசு கன்று ஈன்றாள். ஏதேனும் நேர்ந்தால் ஊட்டலாம் என்று சீம்பால் புட்டியைச் சூடாக்கிக் கையில் ஏந்தி நின்றீர்கள். கன்று தள்ளாடி எழுந்தது, நெட்டைக் கால்கள்! முட்டிமோதித் தானே மடி தேடிக் கண்டுகொண்டது. நுரை வழிய அது குடிக்கக் குடிக்க, தங்கள் கையிலிருந்த புட்டி மெல்ல ஆறிப்போயிற்று. தாங்கள் முதன்முறையாக ஒன்றும் செய்யாமல் நின்று பார்த்தீர்கள்.

அந்த ஓய்வே இனித் தங்கள் நாள்களில் நிறைக! உண்ணும் உணவு உடலில் ஒட்டி, உறக்கம் கண்ணில் ஒட்டி, நெடுங்காலம் நலமாய் இருங்கள். நிம்மதியாகப் போய்வாருங்கள், அம்மா. இங்கே கன்றுகள் எல்லாம் குடித்துக்கொண்டிருக்கின்றன.

நீங்கா அன்புடன்,
கன்றுக்கூடத்து ஊழியர் அனைவரும்