அவளுக்கும் போய்ச் சேரும்

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம், மேடம். போட்டுவிட்டார்கள் என்றால் பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும். இரண்டு வருஷமாக எனக்குச் சுகர். இந்த ஸ்டேஷனுக்கு வந்ததிலிருந்து மாத்திரை சாப்பிடவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

என் பெயர் நிர்மலா. கமலா என்னைவிடப் பதினோரு நிமிஷம் சின்னவள். எங்களுக்கு முப்பத்திரண்டு வயது. கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் தையல் கடை. நான் வெட்டுவேன், அவள் தைப்பாள். "ரெட்டைங்ககிட்ட குடுத்துட்டு வா" என்றுதான் ஊரில் சொல்வார்கள். எந்த ரெட்டை என்று யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு அளவு ஜாக்கெட்கூட ஒன்றுதான். அதை வைத்து இரண்டு தைப்போம், யார் எதைப் போட்டாலும் சரியாக இருக்கும்.

அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது உங்களுக்குப் புரியும். அம்மா குஞ்சம்மாள் கரும்பு வெட்டப் போனவள். எங்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு பேருக்கும் மருந்து கொடுப்பாள். ஒரே வயிற்றில் கிடந்ததுகள், ஒருத்திக்கு வந்தது இன்னொருத்திக்கு வராமல் போகுமா என்பாள். கமலா மருந்துக்கு வாயைத் திறக்க மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டால் கரண்டியை விட்டு நெம்பினாலும் திறக்காது. அம்மா ஓய்ந்துபோய் அவள் பங்கையும் என் வாயில் ஊற்றுவாள். "நீ குடிச்சிடு நிம்மி, அவளுக்கும் போய்ச் சேந்துடும்." நான் குடிப்பேன். மறுநாள் கமலாவுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும். நீங்கள் சிரிக்கலாம், ஆனால் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எனக்குச் சுகர் என்று சொன்ன அன்று, கமலாவுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னது நான்தான். அவளுக்கு இல்லை என்று வந்தது. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஜாங்கிரி வாங்கினாள். எனக்கு நீட்டாமல் தின்றாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படித் தின்றதே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். "உனக்குத்தான் ஆவாதேடி" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

போன மே மாசம் கடைக்கு ஒரு தபால் வந்தது. வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கேயே தங்க வேண்டும். அவள் பெயர் மட்டும் போட்டிருந்தது. எப்போது எழுதிப் போட்டாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

"இன்னாடி இது?" என்றேன்.

"வேலடி. இங்க கீற மலைதான, வாரா வாரம் வந்துடுவேன்."

"அப்ப நான்?"

"நீ இன்னா கொழந்தையா? கடை கீது, மெஷின் கீது. எத்தினி நாளைக்கி ஒரே ஜாக்கெட்ட ரெண்டு பேரும் போட்டுக்கினு கெடக்கறது? உன் ஒடம்பு வேற, என் ஒடம்பு வேறடி."

கோபமாகச் சொல்லவில்லை. கொக்கி தைத்துக்கொண்டே சொன்னாள். டேப்பைப் பிடித்து அவளாகவே அளவெடுத்து, அங்கே போட்டுக்கொள்ள மூன்று ஜாக்கெட் தைத்து வைத்திருந்தாள். அவள் குளிக்கப் போனபோது ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தோளில் பிடித்தது. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை அவள் குடிக்கிற கேழ்வரகுக் கூழில் என் மாத்திரையை நுணுக்கிப் போட்டேன். விஷம் என்று எழுதாதீர்கள். டாக்டர் எழுதிக்கொடுத்தது, தினமும் நான் சாப்பிட்டது. எனக்கு வந்தது அவளுக்கு வராமல் இருக்காது, லேபில் இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பதினோரு மணிக்கு அவளுக்குக் கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. "கண்ண இருட்டிக்கினு வருதுடி" என்று என் தோளில் சாய்ந்தாள். சர்க்கரை கரைத்துக் கொடுத்தேன், கால் மணியில் தெளிந்துவிட்டாள். சுகர் கம்மியானால் உடனே இனிப்பு தின்ன வேண்டும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதற்கென்று என் பையில் எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும்.

மூன்று வாரம் அப்படிப் போனது. வேலைக்குச் சேர்கிற தேதியை இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன், ஒரே பாயில் படுத்தோம். அம்மா இருந்த காலத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அவளைக் காட்டப் போன இடத்தில் டாக்டர்தான் கெடுத்தார். "சுகர் இவ்ளோ கம்மியா இருக்கே, வீட்ல யாராவது சுகர் மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். "நான்தாங்க, தனியா பூட்டி வெக்கிறேங்க" என்றேன். கமலா திரும்பி என்னைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அவள் எதிர்க்கடை இட்லிதான் சாப்பிட்டாள். ஒரு வாரத்தில் நன்றாகிவிட்டாள். திங்கட்கிழமை போகிறேன் என்றாள்.

திங்கட்கிழமை காலை நான் அழுதேன். "கடைசியா ஒரு வாட்டி என் கையால குடிச்சிட்டுப் போடி" என்று கூழ்ச் சொம்பை நீட்டினேன். அவள் கொஞ்ச நேரம் சொம்பையே பார்த்தாள். பிறகு வாங்கிக் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "போதுமாடி?" என்றாள். எத்தனை மாத்திரை என்று மறுபடி கேட்காதீர்கள், நான் எண்ணவில்லை. அட்டையில் மிச்சம் இல்லை.

ஸ்கூட்டியை அவள் ஓட்டினாள். அவளை விடுதியில் விட்டுவர நானும் அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் வண்டி ஆடியது. "நிக்க மாட்டேங்குதுடி கை" என்று ஓரம் கட்டினாள். கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்தேன். அங்கிருந்து கீழே கோமுகி அணை தெரியும். அவள் முகமெல்லாம் வேர்வை.

பையிலிருந்து மிட்டாயை எடுத்துத் தாளைப் பிரித்தேன். "வூட்டுக்குப் போலாம்னு சொல்லு, தரேன்" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். கை வேறு பக்கம் போனது. "மேல… மேல போலாம்டி" என்றாள். நாக்கு குழறியது. இன்னொரு தடவை கேட்டேன், அதையேதான் சொன்னாள். ஒரு வார்த்தைதான் மேடம். வூடு என்று சொல்லியிருந்தால் போதும், நான் கொடுத்திருப்பேன். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் பதில் சொல்லவில்லை.

அப்போதுதான் வேடியப்பன் என்கிறவர் ஜீப்பை நிறுத்தினார். "இன்னாம்மா ஆச்சி? ஏத்திக்கினு போவட்டா?" என்றார். "ஒண்ணும் இல்லீங்க, மலை ஏறனா இவளுக்குத் தலை சுத்தும். செத்த படுத்தா சரியாப் பூடும்" என்றேன். அவர் உங்களிடம் சொன்னதெல்லாம் சரி. நான் சிரித்துக்கொண்டே பேசினேன் என்று சொல்லியிருக்கிறார், அதுவும் சரி. உதவி செய்ய வந்தவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டா பேசுவது?

நான்தான் செய்தேன் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. மாத்திரை போட்டது நான், ஜீப்பை அனுப்பியது நான். ஆனால் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கொடுக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது தப்பு. அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

ஜீப் போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் சாய்ந்து விழுந்து வெட்டி வெட்டி இழுத்தாள். மிட்டாயை வாயில் வைக்கப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், சின்ன வயசில் கடித்த மாதிரியே. விரலை விட்டு நெம்பினேன். இதோ, இந்தக் காயம் அதுதான். திறக்கவே இல்லை. அவளுக்கு எப்போதும் அந்தப் பிடிவாதம் உண்டு.

அதனால் நான் தின்றேன். கடிக்காமல், நாக்கிலேயே கரைய விட்டுத் தின்றேன். அது தீர்ந்ததும் இன்னொன்று. பையில் இருந்த அத்தனையையும், எனக்கு ஆகாது என்று தெரிந்தே தின்றேன். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றுவிட்டது. மருந்து கேட்கிறது என்று நினைத்தேன்.

பிறகு மேலே போகிற பஸ் வந்தது. டிரைவர் இறங்கி வந்து அவள் மூக்கில் கை வைத்துப் பார்த்தார். "உசுரு இல்லம்மா" என்றார்.

"செத்த இருங்க" என்றேன். "இப்பத்தான் தின்னேன், இனிமேதான் போய்ச் சேரும்."