பளபளக்கிற பக்கத்தில் வைத்த பொட்டு

கும்மிடிப்பூண்டிக்குப் போகும் காலை ரயிலில், ஒரே கம்பெனி அட்டையை மாட்டியிருந்த இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் சொன்னதைக் கேட்டு என் காது அந்தப் பக்கம் போய்விட்டது.

“ஆயுதபூஜையில சிடிக்கெல்லாம் நான்தான்க்கா பொட்டு வச்சேன்.”

“எந்த சிடிக்கு?”

“பழைய டெஸ்ட் ரிப்போர்ட் ஏத்தி வச்சிருக்கோமே, அதுக்கு. மெஷினு, கம்ப்யூட்டரு எல்லாத்துக்கும் வச்சாங்க. இது மட்டும் சும்மா கீதேன்னு வச்சேன்.”

“பேரு எழுதின பக்கந்தானே?”

“பளபளன்னு இருக்கிற பக்கம். அதான் லட்சணமா இருந்துச்சி.”

“அந்தப் பக்கத்தைத்தான்டி மெஷினு படிக்கும்.”

“நேத்து ஊட்டுக்கு எடுத்துக்கினு போய்ப் போட்டேன். ஓப்பனே ஆவல. பதினோரு மணிக்கு ஆடிட்டுக்கு வர்றவங்க அதைத்தான் கேப்பாங்க. வேலை போயிடும்க்கா.”

“அதுக்குத்தானே ரெண்டு செட்டு போட்டோம்? இன்னொண்ணு இன்னா ஆச்சு?”

“அதுக்கும் வச்சிட்டேன். ஒண்ணுக்கு வச்சி ஒண்ணை உட்டா சாமி குத்தமாயிடுமேன்னு.”

பெரியவள், சின்னவளின் பையிலிருந்த சிடிகளை வாங்கி, துப்பட்டா நுனியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ஒன்றைச் சின்னவளிடமும் கொடுத்தாள்.

“சுத்திச் சுத்தித் தொடைக்காதே. நடுவுலேர்ந்து வெளியே தொடை.”

கவரைப்பேட்டை தாண்டும்போது சந்தனம் முழுக்கப் போயிருந்தது.

“இப்ப படிக்குமாக்கா?”

“தெரியல. நானே போட்டுப் பாக்குறேன். படிக்கலன்னா பொட்டு வச்சது நான்னு சொல்லிக்கிறேன். இருபது வருஷ ஆளை அவ்ளோ சீக்கிரம் அனுப்ப மாட்டாங்க. நீ அடுத்த வருஷம் சிடி பெட்டி மேல வை.”