அற்புதம்மாள் டீச்சரின் வெர்பினா

வெற்றிலை போட்டுக்கொள்ளுங்கள், சலாம் பாய். சீவல் அந்தத் தட்டிலேயே இருக்கிறது. பாலக்கரையிலிருந்து திருவானைக்காவல் வரைக்கும் இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். சாப்பிட்ட கையோடு கொல்லைக்கு ஓடுவானேன்? அற்புதம்மாள் டீச்சரும் அந்த ஈஸிசேரில் சாய்ந்துகொள்ளட்டும். ஆபரேஷன் ஆன உடம்பு. செடி எங்கேயும் போய்விடாது.

நம் பூச்செடி சங்கத்துக்கு நீங்கள் தலைவர், நான் செயலாளர். தலைவர் விசாரிக்க வந்தால் செயலாளர் பதில் சொல்லத்தான் வேண்டும். எனக்கு ஒளிவுமறைவு கிடையாது, என் மனைவி பவுனம்மாளைக் கேட்டுப் பாருங்கள்.

நான் இந்தச் சங்கத்தில் சேர்ந்தபோது திருச்சியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். கொத்துக்கொத்தாகப் பூக்கிற இந்தச் செடியில் எதைக் காட்டினாலும் வெறும் 'வெர்பினா'. மாட்டையும் எருமையையும் ஒரே பெயரில் கூப்பிடுவார்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அகலமாக, ஓரம் பல்பல்லாக இருந்தால் அகல இலை வெர்பினா. கொத்தமல்லி போல நறுக்கி விட்டிருந்தால் கொத்தமல்லி இலை வெர்பினா. சந்தேகம் வந்தால் பூவைப் பிளந்து லென்ஸில் பார்க்க வேண்டும். மகரந்தப் பையின் முதுகில் கடுகில் பாதி அளவு ஒரு பொட்டு இருந்தால் பின்னது, இல்லாவிட்டால் முன்னது. இரண்டே வகை. கலக்கவே கலக்காது. பதினாறு வருஷம் தொண்டை வறளச் சொல்லி, ஊரை ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். பூக்காட்சிக்கு இரண்டு போர்டும் என் கைப்பட எழுதியவை.

அப்போதுதான் இந்த அறுபத்தொன்றாம் வருஷக் காட்சிக்கு டீச்சர் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், இதை எந்த போர்டுக்குக் கீழ வைக்கட்டும்?"

பார்த்தேன். இலை பாதி அகலம், பாதி நறுக்கல். பூவைப் பிளந்தேன். பொட்டு இருக்கிறது என்றால் இருந்தது, இல்லை என்றால் இல்லை. நிறம், பாய், பொய் சொல்லக் கூடாது, கனிந்த நாவற்பழத்தில் பால் விட்ட மாதிரி அப்படி ஒரு அழகு. என் இரண்டு போர்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"காட்சி தொடங்குறதுக்குள்ள பார்த்துச் சொல்றேன் டீச்சர்" என்றேன்.

அது விதை பிடிக்கவில்லை, டீச்சர் உச்சி வெயிலில் ஒடித்து நட்ட குச்சிகளும் கருகிவிட்டன. உலகத்தில் அந்த ஒரு செடிதான். அந்த வாரமே அவருக்குக் குடல்வால் வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போகும்போது தொட்டியை என்னிடம்தான் கொடுத்தார். "புள்ளை மாதிரி பார்த்துக்குங்க சார். உங்களை விட்டா இதைப் பார்க்க ஆளில்லை."

நான் ஆத்திரப்படுகிற ஆள் இல்லை. நிதானமாக யோசித்தேன். குப்பையில் போட்டால் யாராவது எடுத்து வைப்பார்கள். காவிரியில் விட்டால் ஒதுங்கின கரையில் முளைக்கும்; வெர்பினாவின் கணு ஈரமண்ணைத் தொட்டால் போதும், வேர் விட்டுவிடும். பச்சைச் செடியை எரித்தால் புகையும். பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்துவின் பசுவிடம் நீட்டினேன். அது முகர்ந்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது. மாட்டிடம் அந்தப் பார்வையை வாங்கியது கேவலமாகத்தான் இருந்தது. மிச்சம் இருந்தது அடுப்படி ஒன்றுதான்.

"என்ன கீரைங்க இது? பார்த்ததே இல்லையே" என்றாள் பவுனம்மாள்.

"மலைக்கீரை" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது, பாய். ஒரு செடிக்குத் தெரிந்தே தப்பான பெயரைச் சொன்னது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாள். அதில் பாதியைக் கேரியரில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். செடி டீச்சருடையது. அடுத்தவர் பொருளை நாம் மட்டும் சாப்பிடுவது முறையில்லை.

"லேசா கசக்குது. ஆனா வாய்க்கு நல்லா இருக்கு சார்" என்று சாப்பிட்டார். "என் செடி எப்படி இருக்கு?"

"நல்ல இடத்துல இருக்கு டீச்சர்."

கேரியரை வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "அதுக்கு உங்க பேரைத்தான் வைக்கப்போறேன். ரெங்கராஜ் வெர்பினான்னு."

என் பெயரில் ஒரு செடி! அழுகை வந்தது, மறைக்கவில்லை. டீச்சர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார். அவர் வீடு திரும்பியதும், செடியைக் கம்பளிப்பூச்சி தின்றுவிட்டது என்று சொன்னேன். அவர் அழுதார். நானும் கூட அழுதேன். அது நிஜ அழுகை.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. பவுனம்மாளுக்கு ஒரு பழக்கம். பொன்னாங்கண்ணி ஆய்ந்தால் தண்டை வீணாக்க மாட்டாள், கொல்லையில் துணி துவைக்கிற கல்லோரம் செருகி வைப்பாள். இந்த மலைக்கீரைத் தண்டையும் அப்படியே செருகியிருக்கிறாள். சோப்புத் தண்ணீரில் அது புதராக மண்டிவிட்டது. நானோ அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவன் இல்லை. இவள் போன வாரம் மார்க்கெட்டில் டீச்சரைப் பார்த்து, "அன்னிக்கு உங்களுக்குக் குடுத்துவிட்டேனே, அந்தக் கீரை பூத்துக் கெடக்குங்க, என்ன கலருங்கறீங்க" என்று வாயை விட்டிருக்கிறாள். டீச்சர் உங்களிடம் வந்தார். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினீர்கள்.

நல்லவேளை, முன்கூட்டியே சொல்லியனுப்பினீர்கள்.

இன்று காலை நானே வேரோடு பிடுங்கினேன். "பூத்த கீரையை யாருங்க ஆக்குவா?" என்று அவள் முனகினாள். இந்தத் தடவை தண்டை அவள் கையில் கொடுக்கவில்லை. நானே அரிவாள்மணையில் உட்கார்ந்து, பூ, தண்டு, வேர் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக அரிந்து கொடுத்தேன். நீங்கள் கூட்டை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டீர்கள், பாய். டீச்சர் முதல் கவளத்திலேயே, "ஆஸ்பத்திரியில சாப்பிட்ட அதே ருசி" என்றாரே, என்ன நாக்கு அவருக்கு.

பவுனம்மா, டீச்சருக்குத் தண்ணி கொண்டா.

எழுந்திருங்கள் பாய், வெயில் தாழ்ந்துவிட்டது. இப்போது கொல்லைக்குப் போகலாம். ஒரு பாத்தி அகல இலை, ஒரு பாத்தி கொத்தமல்லி இலை. லென்ஸும் தருகிறேன். இந்தத் திருச்சி முழுக்கத் தேடிப் பாருங்கள். மூன்றாவதாக ஒன்று இருந்தால் நான் சொன்னது தப்பென்று ஒப்புக்கொள்கிறேன்.